லாபம், ரெண்டு, மூணு

மாப்பிள்ளை மேசைக்கு அடியில் கிடந்தான்.

வேறு நாளாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவன் பிழைப்பே அதுதான். உதியன்குளங்கரை ஜங்ஷனில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் ஜெஃப்ரின், சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளின் மேசைக்கும் கட்டிலுக்கும் அடியில் கிடந்து ஒயர் இழுத்தவன். ஆனால் இன்று அவனுக்கு நிச்சயதார்த்தம். உடம்பில் புது வெள்ளைக் கோட்டு. திருப்புறம் பங்கு ஹால் நிறைய உறவுக்காரர்கள். அவர்களுக்கு மாப்பிள்ளையின் தரிசனமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது இரண்டு ஷூக்கள் மட்டும்தான்.

"மாப்பிளைக்கு பெண்ணெ பாக்க இத்தற வெக்கமா?" என்று முன்வரிசையில் ஒரு குரல்.

"வெக்கம் இல்ல, நெட்டு போயாச்சு!" என்று இன்னொரு குரல்.

நெட்டு போனால் நிச்சயதார்த்தத்துக்கு என்ன? மோதிரத்தை வைஃபையிலா மாற்றுகிறார்கள் என்று கேட்கலாம். அதுதான் சங்கதி. மணப்பெண் லிஜிக்கு ஒரு மாமி உண்டு. பெயர் பிந்து. லிஜியின் அப்பா ததேயூஸின் சொந்த அக்கா. குவைத்தில் தலைமை நர்ஸ். ததேயூஸின் மீன்பிடி வள்ளம், லிஜியின் படிப்பு, வீட்டுக் கூரை, கிணற்று மோட்டார் எல்லாம் அவள் உபயம். அந்தக் குடும்பத்தில் கர்த்தருக்கு அடுத்த சொல் பிந்து மாமியுடையது. சில விஷயங்களில் முந்திய சொல்லும்கூட.

மாமிக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் இஷ்டமில்லை. "ஒயர் இழுக்கவனுக்கா எனக்க பெண்ணு?" என்று கேட்டவள். லிஜி ஒரு வாரம் சோறு தின்னாமல் கிடந்த பிறகு, கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள்.

"அவன் பெரிய நெட்டுக்காரன் தானே? நிச்சயத்தெ நான் இஞ்ச குவைத்துல இருந்து தெளிவா பாக்கணும். பாத்துட்டு, நான் செரின்னு சொன்ன பெறவு மோதிரம் மாத்தினா போதும். படம் நின்னா கல்யாணமும் நின்னு போச்சுன்னு வெச்சுக்கோ."

அதனால்தான் கேமரா. கேமராவின் படம் லைவாகக் குவைத்துக்குப் போகும்; லிங்க் உள்ள யாரும் போனிலும் பார்க்கலாம். அதே படம் மேடைக்குப் பக்கத்தில் உள்ள பெரிய டிவியிலும் தெரியும். மாமியின் முகம் மேசைமேல் உள்ள லேப்டாப்பில் வரும். இப்படியெல்லாம் ஜெஃப்ரின் அழகாகத் திட்டம் போட்டு வைத்திருந்தான். இப்போது டிவி கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது. லேப்டாப், இணைப்பு இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டிருந்தது.

"ஜெஃப்ரினே," என்றார் பங்குச் சாமியாரான அச்சன், மேடையிலிருந்து. "எனக்கு வேற ஒரு இடத்துலயும் போவாண்டியதுண்டு."

"இப்ப செரியாவும் அச்சா!" என்றன ஷூக்கள்.

அவன் கண்டுபிடித்த முதல் காரணம், வந்திருந்தவர்களின் போன்கள். அந்த ஹாலுக்குள் டவர் கிடைக்காது. எல்லாரும் ஹால் வைஃபையில் ஏறிக் குந்தியிருப்பார்கள், அதுதான் நெட்டைத் தின்கிறது என்றான். உடனே அவன் அம்மா அகஸ்டினா, பந்திக்கு வைத்திருந்த அண்டா மாதிரியான காலி பிரியாணிச் செம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் புறப்பட்டாள்.

"போணெ ஆஃப் பண்ணி இதுல இடுங்க. மாப்பிளெ பறஞ்சதாக்கும். இட்டவங்களுக்கு மட்டுந்தான் சோறு."

சோறு என்ற சொல்லுக்குக் கட்டுப்படாத ஜனம் எங்கே உண்டு? செம்பு நிறைந்தது. டிவி கறுப்பு மாறவில்லை.

அடுத்ததாக ஒயர் மேல் சந்தேகம் வந்தது. மேசைக்கு அடியில் கிடந்தபடியே ஒரு நீலக் கேபிளைப் பிடித்து ஜெஃப்ரின் ஆவேசமாக இழுத்தான். அது மேடை அலங்காரத்தோடு சேர்த்துக் கட்டிய கேபிள் என்பது இழுத்த பிறகுதான் தெரிந்தது. 'ஜெஃப்ரின்' என்ற தெர்மோகோல் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. நடுவில் இருந்த சிவப்பு இதயம் நேராக அச்சன் மடியில் போய் விழுந்தது. அச்சன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

வெளியே மாமரத்தடியில் வண்டிகளுக்குக் காவல் இருந்த வாட்ச்மேன் ஈசாக்கைக் கூப்பிட்டார்கள். அவர் ஏணி கொண்டு வந்து, எழுத்துகளைத் திரும்பக் கட்டி, 'ஜெப்ரின்' ஆக்கிவிட்டு, மாமரத்தடிக்கே போய்விட்டார்.

"எலே அகிலேஷ், கேமராவுல எதாவது குழப்பம் உண்டா?" என்று ஜெஃப்ரின் கேட்டான்.

வெள்ளறடையிலிருந்து வந்த கேமராக்காரன் அகிலேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்க சைடுல ஒரு குழப்பமும் இல்ல அண்ணா. பச்சை லைட்டு நின்னு எரியுது, கண்டீங்களா?"

"பச்சை எரிஞ்சு என்ன, டிவியில ஒண்ணும் வரல்லியே! கேமராவெ இஞ்ச கொண்டு வா. மேசைக்கு பக்கத்துல வையி. ஒயரு நீளம் கூடிப் போச்சு போல."

அகிலேஷ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையிலிருந்து நாலடி தூரத்தில், எல்லாரும் கூடி நிற்கிற இடத்தைப் பார்த்து வைத்தான். டிவி அசைந்து கொடுக்கவில்லை.

"ஒருவேளை சத்தமாவது போவுதான்னு பாப்போம்," என்று ஜெஃப்ரின் ஹால் மைக்கைக் கேமராவிலும் சொருகி, ததேயூஸிடம் கொடுத்தான். "மாமா, எதாவது பேசுங்க."

ததேயூஸ் வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை. கடலில் கத்திப் பழகிய தொண்டை. "என்னத்த பேச?"

"மனசுல தோணுறத பேசுங்க மாமா. யாருக்கும் கேக்காது, டெஸ்டிங் தானே."

"அலோ," என்றார் ததேயூஸ். ஹால் ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்டு ஒருமுறை திடுக்கிட்டார். பிறகு அது பிடித்துப் போயிற்று. "அலோ, அலோ. எனக்க பேரு ததேயூஸ். நான் சின்ன வயசுல இருந்து கடலுக்கு போறவன். காத்தெ கண்டு பேடிச்சதில்ல, அலையெ கண்டு பேடிச்சதில்ல. எனக்க அக்கா பிந்துவுக்க போண் வந்தா மட்டும் வள்ளத்துக்கு அடியில போய் ஒளிவேன்."

ஹாலில் சிரிப்பு வெடித்தது. கைதட்டல் வேறு. கைதட்டல் கேட்ட மனுஷன் நிற்பாரா?

"அவளெ கொண்டு கடல்ல விட்டா, சுறா கரைக்கு கேறி வந்து எனக்க வீட்டுல அபயம் கேக்கும்!"

"அண்ணே, அந்த மைக்கெ இஞ்ச தாங்க," என்று அகஸ்டினா பாய்ந்து வாங்கினாள். அவளும் ஒன்றை அடக்கி வைத்திருந்தாள். "போன லீவுக்கு வந்தப்போ எனக்க வீட்டுல மீன் கொழம்பு குடிச்சா. புளி கூடிப் போச்சுன்னு மொகத்த சுளிச்சா. புளி கூடினா விட்டுட்டு போணும் இல்லியா? சட்டியெ வழிச்சு நக்கிட்டாக்கும் எழும்பினா! அத நான் எங்க போய் சொல்ல?"

"இஞ்ச சொல்லிட்டீங்களே," என்றான் அகிலேஷ்.

இத்தனை நேரம் மேடையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த லிஜி எழுந்து வந்தாள். டியூஷன் சென்டரில் கணக்குப் பாடம் எடுப்பவள். பார்வைக்குச் சாது. வந்தவள் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ரூட்டர், லேப்டாப், ஒயர் எல்லாம் பளபளவென்ற மஞ்சள் சாட்டின் துணி விரித்து, அதன்மேல் வைக்கப்பட்டிருந்தன.

"இது மாமி குடுத்து விட்ட கவுன் இல்லியா?"

"மேசை அழுக்கா கிடந்துது மக்கா," என்றாள் அகஸ்டினா. "நீதான் இத உடுக்க மாட்டேன்னு சொன்னியே."

"எங்ஙன உடுக்க? எனக்க கூட இன்னும் ரெண்டு பேரு கேறலாம் இதுக்குள்ள. நெறம் பாத்தீங்களா, ஸ்கூல் பஸ்ஸு மாதிரி. மேசைக்கு நல்லாத்தான் சேருது, கிடக்கட்டும்."

மேசைக்கு அடியில் ஜெஃப்ரின் கேட்டுக்கொண்டிருந்தான். கோட்டு அழுக்காகிவிட்டது. முழங்கால் வலித்தது. அச்சன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது துணி இடுக்கில் தெரிந்தது. லிஜியை இழந்துவிடுவோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகை தொண்டைக்கு வருவதற்குள் கோபமாக மாறிவிட்டது. தலையை மட்டும் வெளியே நீட்டி, கேமராவுக்கு நேராகக் கத்தினான்.

"ஒரு காரியம் சொல்லட்டா? கிழவி நேர்ல வராம குவைத்துல கிடக்கதுதான் இந்த நிச்சயத்துக்கே பெரிய அனுக்கிரகம்! வந்திருந்தா இந்நேரம் அச்சனுக்க பிரசங்கத்துலயும் குற்றம் கண்டுபிடிச்சிருக்கும்!"

"அது உள்ளதுதான்," என்றார் அச்சன் தன்னை அறியாமல்.

லிஜி தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை, தரை என்றெல்லாம் பார்க்கவில்லை. "கத்தாதீங்க. இன்னைக்கு காலத்தே எழும்பி என்ன செய்தீங்க, மொதல்ல இருந்து சொல்லுங்க."

"புதுசா ஒண்ணும் செய்யல்ல லிஜி. எப்பளும் ஓட்டுற அதே புரோக்ராமெ ஓட்டினேன். ரெண்டு வருஷமா ஒரு பிழையும் வந்ததில்ல."

அது என்ன புரோகிராம் என்று இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. நெட்டில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. எந்த எண்கள் நம் ஊர்க்காரர்கள், எவை அசலூர்க்காரர்கள் என்று கருவிக்குச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர் சப்நெட் மாஸ்க். நமக்கு அது 255.255.255.0 என்று தெரியும். கருவிக்கோ அது முப்பத்திரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். சில கருவிகள் அந்த நீளமான எண்ணையே கேட்கும். சிலதுக்கு எத்தனை ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். ஒவ்வொரு வீட்டிலும் இதை விரல் விட்டு எண்ண ஜெஃப்ரினுக்குச் சோம்பல். அதனால் கட்டம் கட்டமாகப் பார்த்து, ஒன்றுகளை எண்ணி, எல்லாக் கருவிக்கும் அந்த எண்ணிக்கையைத் தானே எழுதி வைக்க ஒரு சின்ன புரோகிராம் செய்திருந்தான்.

"எத்தன வரணும்?" என்று கேட்டாள் லிஜி.

"எட்டு, எட்டு, எட்டு. இருபத்திநாலு."

"எத்தன வந்திருக்கு?"

ஜெஃப்ரின் எழுந்து லேப்டாப்பைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். "இருபத்தஞ்சு."

"ஒண்ணு எங்க இருந்து வந்துது?"

"அறியாது." புரோகிராமை இன்னொரு தடவை ஓட்டினான். இருபத்தைந்து. "மாதாவே, நான் கணக்கு மறந்து போனேனா, மிஷினு மறந்து போச்சா?"

கணக்கு டீச்சர் யோசித்தாள். "எல்லாம் பூஜ்யமா உள்ள ஒரு மாஸ்க் குடுத்து பாருங்க."

கொடுத்தான். விடை, ஒன்று.

"ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒண்ணு இருக்குன்னு சொல்லுதே!" ஜெஃப்ரின் புரோகிராமைத் திறந்தான். முதல் வரியைப் பார்த்தான். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே பூஜ்யம் இல்லை. ஒன்று என்று இருந்தது.

"இத ஆரு மாத்தினது?" என்று அலறினான்.

"நான்தான் மக்கா," என்றாள் அகஸ்டினா, பெருமையாக.

அகஸ்டினா கடையில் டைப் அடிப்பவள். பள்ளிக்கூடத்து வினாத்தாள் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவள் விரலில்தான் பிறக்கும். விசைப்பலகை அவளுக்கு அரிவாள்மணை மாதிரி.

"காலத்தே லேப்டாப்பெ தொறந்து வெச்சுட்டு குளிக்க போனே. நல்ல நாளும் அதுவுமா மொத வரியிலயே பூஜ்யம்! வயிறு எரிஞ்சு போச்சு எனக்கு. எனக்க அப்பன் கடப்புறத்துல மீன் எண்ணினா ஒண்ணுன்னு கூட சொல்ல மாட்டாரு. 'லாபம், ரெண்டு, மூணு'ன்னாக்கும் தொடங்குவாரு. நீ பூஜ்யத்துல தொடங்கினா கல்யாணம் எங்ஙன வெளங்கும்? லாபம்னு அடிச்சா மிஷினுக்கு மனசிலாவாதேன்னு ஒண்ணு ஆக்கினேன். சிலுவை வரைஞ்சுட்டுதான் அடிச்சேன்."

ஜெஃப்ரின் தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, மீன் ஒண்ணு கூடினா கொழம்பு வெக்கலாம். இதுல ஒண்ணு கூடினா ஹாலுக்க நடுவுல எல்லைக்கோடு விழும்! கேரளத்து பாறசாலைக்கும் தமிழ்நாட்டு களியக்காவிளைக்கும் எடையில உள்ளது மாதிரி. சின்ன நம்பரு எல்லாம் ஒரு பக்கம், பெரிய நம்பரு எல்லாம் மறுபக்கம். கேமராவும் ரூட்டரும் இந்த பக்கம் கிடக்கு, டிவியும் லேப்டாப்பும் அந்த பக்கம் கிடக்கு. அதுக்கு இதெ தெரியாது, இதுக்கு அதெ தெரியாது!"

"அப்போ அந்த பக்கத்துக்கு ஒரு செக்போஸ்ட்டு வையி," என்றார் ததேயூஸ்.

"பூஜ்யத்தெ போடுங்க," என்றாள் லிஜி.

"ஐயோ, வேண்டாம்!" என்று அகஸ்டினா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இழுபறி. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் அச்சன் வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. எண்ணிக்கை பூஜ்யமாகவே தொடங்கும். ஆனால் அதற்கு மேலே, மிஷின் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு வரியாக, 'லாபம்' என்று எழுதப்படும். அகஸ்டினாவே டைப் அடித்தாள்.

புரோகிராம் ஓடியது. இருபத்திநாலு.

டிவி கண்ணைத் திறந்தது. அதில் ஹால் தெரிந்தது, எல்லாரும் தெரிந்தார்கள், மாப்பிள்ளையின் கோட்டில் உள்ள அழுக்குகூடத் துல்லியமாகத் தெரிந்தது. லேப்டாப்பில் மணி அடித்தது. குவைத்!

"மாமி!" என்று லிஜி கத்தினாள். "கவுன்! கவுன்!"

பிறகு நடந்ததை ஒரு தீ விபத்து என்றுதான் சொல்ல வேண்டும். ஜெஃப்ரின் லேப்டாப்பையும் ரூட்டரையும் ஒரே கையில் தூக்கிப் பிடிக்க, அகஸ்டினா துணியை உருவ, புடவைக்கு மேலேயே லிஜி கவுனுக்குள் நுழைந்து, தலை வெளிவரும் வழி தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றி, கை வழியாகத் தலையை நீட்டி, திருத்தி, நிமிர்ந்தாள். ததேயூஸ் மைக்கை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் வேட்டி மடிப்பில் சொருகினார்.

லேப்டாப்பில் பிந்து மாமியின் முகம் வந்தது. மூக்குக்கண்ணாடி. வெள்ளை உடுப்பு. இஸ்திரி போட்ட மாதிரி ஒரு அமைதி.

"மாமி, இப்போ எங்களெ காணுதா?" என்றான் ஜெஃப்ரின். தேன் சொட்டியது.

"நல்லா காணுது மக்கா. எல்லாரும் நல்ல தெளிவா உண்டு."

"நீங்க இல்லாத குறை ஒண்ணுதான் இஞ்ச," என்றாள் அகஸ்டினா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காலத்தே முதல் உங்க பேச்சுதான்."

"அப்பிடியா?" என்றாள் மாமி.

"அக்கா, நீதான் எனக்கு தாய்," என்றார் ததேயூஸ். அவருக்கு உண்மையாகவே குரல் தழுதழுத்தது.

"செரி ததேயூஸே. கடலுக்கு போவும்போ சூக்ஷிச்சு, கவனமா போ, கேட்டியா." மாமியின் பார்வை லிஜி பக்கம் திரும்பியது. "கவுன் உனக்குன்னே தச்சது போல இருக்கு மக்கா. அகஸ்டினா, உனக்க மீன் கொழம்பு எனக்கு ஓர்மை உண்டு. புளி செரியாத்தான் இருந்துது."

அகஸ்டினா நெகிழ்ந்துவிட்டாள். ஹாலே நெகிழ்ந்துவிட்டது. இதுவரை யாரையும் குற்றம் சொல்லாமல் ஒரு வாக்கியம் முடித்திராத பிந்து மாமி! ஜெஃப்ரின் மோதிரப் பெட்டியை எடுத்து நீட்டினான்.

"மாமி, அப்போ மோதிரம்?"

"மாத்துங்க. எனக்கு சம்மதமாக்கும்."

ஒரு கேள்வி இல்லை, ஒரு குறை இல்லை. அச்சன் ஜெபம் சொன்னார். மோதிரம் மாறியது. லிஜி அழுதுகொண்டே சிரித்தாள். ஜெஃப்ரின் சிரித்துக்கொண்டே அழுதான். கைதட்டல் அடங்கியதும் மாமி தொண்டையைச் செருமினாள்.

"கல்யாணத்துக்கு நான் நேர்ல வாறேன். ரெண்டு மாசம் லீவு கேட்டிருக்கேன். ஜெஃப்ரினுக்க வீட்டுலதான் தங்குவேன். உங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா தர வேண்டியது உண்டு. அச்சனுக்கும் உண்டு. எல்லாம் கையோட கொண்டு வாறேன்."

முகம் மறைந்தது.

"அச்சனுக்கும் உண்டாம்!" என்று ஹாலே வாயைப் பிளந்தது. ததேயூஸ் தனக்கு வாட்ச் என்றார். அகஸ்டினா தனக்கு மிக்ஸி என்றாள். பிறகு மனசு உறுத்தியவளாகப் பெருமூச்சு விட்டாள். "பாவம். தங்கமான மனசுக்காரி. நாமதான் அவளெ தப்பா நெனச்சுட்டோம்."

அப்போது பந்திக்கு வாட்ச்மேன் ஈசாக் வெளியிலிருந்து வந்தார். இலைக்கு முன்னால் உட்காரப் போனவர், பிரியாணிச் செம்பில் குவிந்து கிடந்த போன்களையும், தன் கையில் இருந்த போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜெஃப்ரினிடம் கேட்டார்:

"இல்ல மக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் மனசிலாவல்ல. லைவு காலத்தே முதல் வெளியில எனக்க போண்ல நல்லா ஓடிட்டுத்தானே இருந்துது, பாக்கவங்க வரிசையில பேரு காட்டிச்சே, பிந்துவும் பாத்துட்டேதானே இருந்தா, பின்னே என்னத்துக்கு எல்லாருமா சேந்து அவளெ அந்த பாடு பேசினீங்க?"